விழித்திருக்கும்போதே குழாய்: பருமனான நோயாளியின் தொண்டையை எப்படி மரத்துப்போகச் செய்கிறார்கள்?

"மயக்கம் கொடுத்த பிறகுதானே டியூப் போடுவார்கள்? இவருக்கு மட்டும் ஏன் முழிப்பில் போடப் போவதாகச் சொல்கிறார்கள்?" எடை மிகுந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சை முடிவாகி, மயக்கவியல் மருத்துவர் வந்து பேசிவிட்டுப் போனதும் வீட்டார் கேட்கும் கேள்வி இது. ஒப்புதல் படிவத்தில் 'அவேக் இன்டியூபேஷன்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். மீன் முள் சிக்கினாலே தாங்காத தொண்டைக்குள் சுண்டுவிரல் பருமனுள்ள குழாயை விழிப்போடு எப்படி ஏற்றுவார்கள்?

தொண்டையைச் சரியாக மரத்துப்போகச் செய்துவிட்டால் ஏற்றலாம். அது சரியாக அமையவில்லை என்றால் குழாய்க்கு வழிகாட்டும் கேமராவும் மருத்துவரின் கைத்திறனும் பெரிதாக உதவாது.

மயக்கியபின் என்ன நடக்கிறது?

முழு மயக்கத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. மூச்சு நின்றுவிடும் அல்லது நிறுத்தப்படும். தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும். அதனால் குரல்நாண்களுக்கு நடுவே ஒரு குழாயைச் செலுத்தி, மூச்சுக்குழாய்க்குள் நிறுத்தி, அதன் வழியே ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். இன்டியூபேஷன் என்பது இதுதான்.

மயக்கிய நொடியிலிருந்து குழாய் உள்ளே போகும்வரை நோயாளி நுரையீரலில் சேமித்து வைத்த ஆக்சிஜனைக் கொண்டுதான் சமாளிக்கிறார். முன்கூட்டியே முகமூடி வழியே ஆக்சிஜன் நிரப்பிக்கொண்டால் சராசரி எடையுள்ள ஆரோக்கியமான ஒருவர் ஆறு முதல் எட்டு நிமிடம் தாங்குவார். மிகப் பருமனான ஒருவருக்கு அது மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். மல்லாக்கப் படுத்ததும் வயிற்றின் எடை உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் இருப்பைச் சுருக்குவது ஒரு காரணம். பெரிய உடல் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிப்பது இன்னொன்று.

மூன்று நிமிடத்துக்குள் குழாய் போய்விட்டால் கவலையில்லை. போகாவிட்டால் முகமூடியை அழுத்திக் காற்றூத வேண்டும். கழுத்திலும் கன்னத்திலும் தொண்டையின் உட்சுவரிலும் கொழுப்பு சேர்ந்திருப்பவருக்கு அதுவும் சிரமம். இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபடுவதுதான் மயக்கவியலில் எல்லோரும் பயப்படும் நிலை. விழித்திருப்பவர் தானாகவே மூச்சு விடுகிறார், அவருடைய தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசரம் இல்லை.

எடை மட்டும் காரணமா?

இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பருமனானவர் என்றாலே முழிப்பில்தான் குழாய் என்றொரு தவறான பயம் பரவிக் கிடக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கம்போல மயக்கியபின்தான் குழாய் போடுகிறார்கள். தலை, தோள்களுக்கு அடியில் தலையணைகளைச் சரிவாக அடுக்கி, காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல்முனையும் ஒரே மட்டத்தில் வரும்படி படுக்கவைத்தாலே பாதிச் சிரமம் குறையும். குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் கருவி வந்தபின் இன்னும் எளிதாகிவிட்டது.

மருத்துவர் எடையோடு சேர்த்து வேறு அடையாளங்களைத் தேடுகிறார். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பது ஒன்று. ஆந்திராவிலிருந்து அமெரிக்கா சென்று பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்ட இந்த எளிய சோதனை இன்று உலகெங்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கழுத்துச் சுற்றளவு மற்றொன்று. மிகப் பருமனான 100 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்து 40 சென்டிமீட்டர் இருந்தால் குழாய் போடுவது கடினமாகும் வாய்ப்பு 5 சதவீதம், 60 சென்டிமீட்டர் என்றால் 35 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) மட்டும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், வாய் சரியாகத் திறக்காமை, கழுத்தில் முன்பு கதிர்வீச்சு, முந்தைய அறுவையில் ஏற்பட்ட சிக்கல் ஆகியவை எடையோடு சேரும்போதுதான் விழிப்பு நிலைக் குழாய் பேச்சுக்கு வருகிறது.

அப்படிச் சேர்ந்திருந்தும் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் நான்காவது தேசியத் தணிக்கை சான்று. மூச்சுப்பாதை தொடர்பான பெரிய விபத்துகளை ஓராண்டு முழுக்கத் திரட்டி 2011-இல் வெளியிட்டார்கள். பதிவான 184 பேரில் பத்துக்கு நால்வர் பருமனானவர்கள். விழிப்பில் குழாய் போட வேண்டிய இடங்களில் போடாமல் விட்டதும் அதில் திரும்பத் திரும்பச் சுட்டப்பட்ட குறை.

எதை மரத்துப்போகச் செய்ய வேண்டும்?

மூக்கிலிருந்து மூச்சுக்குழாய்வரை உள்ள வழி, நரம்புக் கணக்கில் நான்கு வட்டாரங்கள்.

1. மூக்கு. முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பின் கிளைகள் இங்கே வருகின்றன. இங்கே பிரச்சினை வலியும் ரத்தக் கசிவும்.

2. நாக்கின் பின்பகுதியும் தொண்டையும். ஒன்பதாவது மூளை நரம்பு. பல் தேய்க்கும்போது பிரஷ் பின்னால் பட்டதும் ஓங்கரிப்பு வருகிறதே, அது இந்த நரம்பின் வேலை.

3. குரல்வளை மூடியின் பின்புறமும் குரல்நாண் வரையிலான பகுதியும். பத்தாவது நரம்பின் மேல் குரல்வளைக் கிளை. இதைச் சீண்டினால் குரல்வளை இறுக மூடிக்கொள்ளும்.

4. குரல்நாணுக்குக் கீழே, மூச்சுக்குழாய். அதே பத்தாவது நரம்பின் திரும்பு கிளை. இங்கே எது பட்டாலும் அடக்க முடியாத இருமல்.

குழாய் போகும் வழியில் ஒன்றை விட்டாலும் மற்றவை வீண். ஓங்கரிப்பு அடங்கி, இருமல் அடங்காத நோயாளியிடம் குழாய் கடைசி அங்குலத்தில் நின்றுவிடும்.

மருந்து எது?

லிடோகெயின். நம் மருத்துவமனைகளில் லிக்னோகெய்ன் என்பார்கள், மருந்துக்கடையில் சைலோகெய்ன். பல் பிடுங்கும்போது ஈறில் ஊசி போடுவார்களே, அதே குடும்பம். 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரனும் பெங்க்ட் லுண்ட்க்விஸ்ட்டும் உருவாக்கினார்கள், 1948-இல் விற்பனைக்கு வந்தது.

அதற்கு முன்? 1878-இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர், நாவின் அடியில் புற்றுக்கட்டி வந்த ஒருவருக்கு, குளோரோஃபார்ம் கொடுக்கும் முன்பே விரலால் தடவிப் பார்த்து வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தினார். மரப்பு மருந்து என்ற ஒன்றே அப்போது இல்லை. கண்ணில் கோகெயின் விட்டு மரத்துப்போகச் செய்யலாம் என்று கார்ல் கோலர் காட்டியது 1884-இல்தான். அந்த நோயாளியின் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை கமறுகிறது.

முதலில் எச்சிலை வற்றவைக்க வேண்டும்

சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலையில்தான் பாதி வெற்றி. எச்சில் ஊறிய தொண்டையில் மருந்தைத் தெளித்தால் அது சவ்வைத் தொடாமல் எச்சிலோடு கலந்து வயிற்றுக்குப் போய்விடும். கேமரா முனையிலும் கோழை ஒட்டிப் பார்வை மங்கும். அதனால் எச்சிலைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் ஊசி 0.2 மில்லிகிராம் போடுகிறார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும், தசையில் போட்டால் அரை மணியாவது. அறுவை அரங்குக்குள் வந்தபின் அவசரமாகப் போட்டுவிட்டு உடனே ஆரம்பித்தால் போட்டும் பயனில்லை. மூக்கு வழியாகப் போவதென்றால், சளிக்கு விடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை இரண்டு பக்கமும் விட்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குவார்கள்.

மருந்தைச் சேர்க்கும் வழிகள்

1. கொப்பளிப்பு, ஜெல்லி. 2 சதவீதக் கெட்டித் திரவத்தை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொல்வார்கள். வாயும் தொண்டையின் மேல்பகுதியும் மரக்கும், குரல்வளைக்கு எட்டாது. மூக்குக்கு ஜெல்லி.

2. ஸ்ப்ரே. 10 சதவீதப் புட்டி, ஒரு அழுத்தலுக்கு 10 மில்லிகிராம். நாக்கின் பின்புறம், அண்ணத்தின் இரு தூண்கள் ஆகிய இடங்களுக்கு நல்லது. சுரீரென்று எரியும், கசக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பதறமாட்டார்.

3. நெபுலைசர். ஆஸ்துமாவுக்கு மருந்தைப் புகையாக இழுப்பது போலவே, 4 சதவீத லிடோகெயின் நாலைந்து மில்லியைப் பதினைந்து இருபது நிமிடம் இழுக்கச் சொல்வார்கள். ஊசி இல்லை, கையை உள்ளே விட வேண்டியதில்லை, பயந்தவருக்கு ஏற்றது. குறை என்னவென்றால் மருந்தில் கணிசமான பகுதி காற்றில் போய்விடும். பருமனானவர்கள் மேலோட்டமாக, வேகமாக மூச்சு விடுவதால் எங்கே எவ்வளவு படிந்தது என்று சொல்ல முடியாது. இதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

4. போகப் போகத் தெளித்தல். வளையும் கேமராக் குழாயின் உள்வழியே மெல்லிய எபிடியூரல் குழாயை (முதுகில் மரப்பு மருந்து செலுத்தப் பயன்படுவது) நுழைத்து, கண்ணால் பார்த்துக்கொண்டே இலக்கில் தெளிப்பது. குரல்வளை மூடி தெரிந்ததும் ஒரு மில்லி. குரல்நாண்கள் தெரிந்ததும் அவற்றின் மீது ஒரு மில்லி. நோயாளி இருமுவார், நிறுத்தி, இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். மறுபடி தெளித்தால் இருமல் குறைந்திருக்கும். பிறகு குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாயில் ஒருமுறை. கழுத்தின் வெளியே எலும்பு தட்டுப்படுகிறதா என்ற கவலையே இதில் கிடையாது, அதனால் பருமனானவர்களுக்கு இதுவே மிகப் பொருத்தம் என்பது என் கருத்து.

தனிக் கருவி இல்லாத இடங்களில் ஒரு கைவைத்தியம் உண்டு. ஊசி நீக்கிய 20 எண் கேனுலாவை (கையில் மருந்து ஏற்றப் போடும் சிறு குழாய்) மூவழிக் குழாயில் பொருத்தி, மறுபக்கம் ஆக்சிஜன் டியூபை இணைத்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் திறந்துவிட்டு, சிறு சிரிஞ்சால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பொடித் தூறலாகப் பீய்ச்சும். மெக்கென்சி முறை என்று பெயர். செலவு சில ரூபாய்.

கழுத்தில் ஊசி போடும் முறையும் அதன் சிக்கலும்

நரம்புக்கு நேராக மருந்து செலுத்துவது இன்னொரு வழி. தாடைக்கும் குரல்வளைக்கும் நடுவிலுள்ள நாவடி எலும்பின் கொம்புக்கு அருகே இரு பக்கமும் ஊசி போட்டால் மேல் குரல்வளை நரம்பு மரக்கும். ஆண்களுக்குக் கழுத்தில் துருத்தும் மிடறுக்குச் சற்றுக் கீழே விரல் வைத்தால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அந்தச் சவ்வின் வழியே மூச்சுக்குழாய்க்குள் ஊசியை நுழைத்து, சிரிஞ்சில் காற்றுக் குமிழி வருவதைப் பார்த்து உறுதிசெய்தபின் மருந்தைச் சட்டென்று செலுத்துவார்கள். நோயாளி பலமாக இருமுவார். அந்த இருமலே மருந்தை மேலும் கீழும் பரப்பிவிடும்.

இந்தியாவில் இது பழகிய முறை. நெபுலைசரோடு ஒப்பிட்டு இங்கே நடந்த ஆய்வுகளில் ஊசி முறை விரைவாகவும் ஆழமாகவும் மரக்கவைத்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் மெலிந்த கழுத்தில் விரலால் தொட்டறிவது ஒன்று, மூன்று நான்கு சென்டிமீட்டர் கொழுப்புக்கு அடியில் தேடுவது வேறு. இடம் தவறினால் மருந்து ரத்தக்குழாய்க்குள் போகலாம், ரத்தம் கட்டலாம், ஒன்றுமே மரக்காமலும் போகலாம். பிரிட்டனின் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2019-இல் முடித்த வழிகாட்டுதல், இந்த ஊசிகளைக் கைதேர்ந்தவர்களுக்கே விடச் சொல்கிறது.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. கழுத்தின் குறுக்கே கருவியை வைத்து அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, தோலில் பேனாவால் குறித்துக்கொள்வது நல்லது. ஊசி போடாவிட்டாலும் குறிக்க வேண்டும். எல்லா வழியும் அடைந்து, கழுத்தைத் திறந்து காற்று கொடுக்கும் அவசரம் வந்தால் கத்தி வைக்கும் இடமும் அதுவேதான். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எடை 130 கிலோ, மருந்து யாருடைய எடைக்கு?

பருமனான நோயாளிகளிடம் தவறு நேர அதிக வாய்ப்புள்ள இடம் இது. மேலே சொன்ன வழிகாட்டுதல்படி, தொண்டையில் போடும் லிடோகெயினின் உச்ச வரம்பு கிலோவுக்கு 9 மில்லிகிராம். ஆனால் அது கொழுப்பு நீக்கிய எடைக்கு. உடலில் கொழுப்பு கூடுவதற்கு ஈடாக மருந்தை உடைக்கும் ஈரலின் திறன் கூடுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 155 சென்டிமீட்டர் உயரம், 130 கிலோ எடையுள்ள ஒரு பெண். பிஎம்ஐ 54. வழக்கமான சூத்திரப்படி அவருடைய கொழுப்பற்ற எடை சுமார் 55 கிலோ. வரம்பு 55 பெருக்கல் 9, அதாவது 495 மில்லிகிராம். தராசு காட்டும் எடைக்குப் போட்டால் 1,170 வரும், இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, 495 என்பது தாராளம்தானே என்று தோன்றலாம். ஒரு சதவீதம் என்றால் மில்லிக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். நெபுலைசரில் 4 சதவீதம் 4 மில்லி: 160. ஸ்ப்ரே பத்து அழுத்தல்: 100. மூக்கில் 2 சதவீத ஜெல்லி 5 மில்லி: 100. போகப் போகத் தெளித்த 4 சதவீதம், மொத்தம் 4 மில்லி: 160. ஆக 520. யாரும் அளவு மீறவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வரம்பு தாண்டிவிட்டது. துப்பியதும் காற்றில் போனதும் உடலில் சேராது, விழுங்கியதில் பெரும்பகுதியை ஈரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எவ்வளவு சேரவில்லை என்று யாருக்கும் தெரியாதபோது முழுதும் சேர்ந்ததாகக் கணக்கு வைப்பதே பாதுகாப்பு. சிரிஞ்சுகளை முன்பே நிரப்பி வரிசையாக வைத்து, அந்தத் தட்டில் உள்ளது மட்டுமே கணக்கு என்று தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது.

அளவு மீறினால் முதலில் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போன்ற மதமதப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம். அப்புறம் உளறல், வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. 1996-இல் அமெரிக்காவில், ஓர் ஆய்வுக்காகத் தானே முன்வந்து மூச்சுக்குழாய்ச் சோதனை செய்துகொண்ட ஆரோக்கியமான கல்லூரி மாணவி ஒருவர் தொண்டையில் போட்ட லிடோகெயின் மிகுந்துபோனதால் இறந்தார். மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ஏற்றுவார்கள். அது அரங்கில் இருக்கிறதா என்று ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

தூக்க மருந்து கொடுத்துச் சமாளிக்கலாமா?

தொண்டை சரியாக மரக்கவில்லை, நோயாளி திமிறுகிறார், நேரம் ஆகிறது. இந்த நிலையில் 'கொஞ்சம் தூக்கத்துக்குப் போட்டுவிடலாமே' என்ற ஆசை எழும். பருமனான நோயாளிக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. இவர்களில் பலருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கும், அதுவும் கண்டுபிடிக்கப்படாமல். சிறிதளவு தூக்க மருந்தே தொண்டையைச் சரியவைத்து மூச்சைக் குறைத்துவிடும். எதைத் தவிர்க்க விழிப்பில் குழாய் போடத் தீர்மானித்தோமோ, அதே இடத்தில் திரும்ப வந்து நிற்போம்.

பதற்றம் தணிய மிதமான மருந்து கொடுப்பதில் தவறில்லை. மூச்சை அவ்வளவாகப் பாதிக்காத டெக்ஸ்மெடிடோமிடின் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பதில் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. மரப்பு போதவில்லை என்றால் நிறுத்தி, வரம்புக்குள் மீதி இருக்கும் மருந்தைப் போட்டு, காத்திருப்பதுதான் வழி.

அந்த இருபது நிமிடங்கள்

நோயாளி படுத்திருக்க மாட்டார். ஏறத்தாழ உட்கார்ந்த நிலையில் இருப்பார், மூக்கில் வேகமாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும். நாக்கு தடித்துப்போனதுபோல் இருக்கும், குரல் கம்மும். தொண்டையில் மருந்து பட்டதும் எச்சில் விழுங்க வராததுபோல் ஓர் உணர்வு வரும். சிலர் மூச்சே அடைப்பதாகப் பயந்துபோவார்கள். மூச்சு போகிறது, அதை உணரும் நரம்புதான் உறங்குகிறது என்று அந்தக் கணத்தில் யாராவது காதருகில் சொன்னால் பாதி பயம் தீரும். இருந்தாலும் ஏற்கெனவே மூச்சுப்பாதை மிகவும் குறுகிப்போனவர்களுக்கு மரப்பு மருந்தே சில நேரம் உண்மையான அடைப்பை உண்டாக்கியிருக்கிறது. அதனால் அந்தப் புகாரை வெறும் பயம் என்று தள்ளிவிடவும் கூடாது.

போதுமான அளவு மரத்துவிட்டதா என்று மெல்லிய உறிஞ்சு குழாயால் தொண்டையின் பின்சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓங்கரிப்பு வராவிட்டால் மேலே போகலாம். கேமரா உள்ளே நுழைந்து குரல்நாண்களைத் தாண்டி, மூச்சுக்குழாயின் வளையங்கள் திரையில் தெரிந்தபின் அதன்மேல் கோர்த்திருக்கும் குழாயை வழுக்கி இறக்குவார்கள். கேமராவில் கண்ணால் பார்த்து ஒருமுறை, வெளிமூச்சில் கரியமில வாயு வருவதைக் கருவியில் பார்த்து மறுமுறை என இரண்டும் உறுதியான பிறகே மயக்க மருந்து. மூன்று முயற்சிகளுக்கு மேல் அதே கை தொடரக் கூடாது. நான்காவது முயற்சி என்றால் அவரைவிட அனுபவம் மிகுந்த ஒருவர் வர வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் விதி.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

அறுவை சீக்கிரம் முடிந்துவிட்டால், குழாயை எடுத்தபின்னும் தொண்டை மரத்தே இருக்கும். நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார், பாவம் என்று ஒரு வாய் ஊற்றிவிடுவோம். இருமத் தெரியாத தொண்டையில் அது நேராக நுரையீரலுக்குப் போகும். மருந்து போட்டதிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் வாய்வழியாக எதுவும் கூடாது, அதற்குப் பிறகும் செவிலியர் சொன்னால்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் முன் கேட்டு வாங்க வேண்டியது ஒரு சீட்டு. குழாய் போடுவது ஏன் கடினமாக இருந்தது, எந்த முறையில், எந்த அளவுக் குழாய் போனது, எத்தனை முயற்சி ஆயிற்று என்று மயக்கவியல் மருத்துவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதை ரத்த வகை எழுதிய அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை நள்ளிரவில், வேறு ஊரில், குடல்வால் வலியோடு போய் இறங்கும்போது அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்த இரண்டு வரியைத்தான்.